லைசென்ஸ் இல்லாத பாடம்

தபால்காரர் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றபோது பெரிய டீச்சர் கடைவாய்ப் பல்லுக்கடியில் ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் சுள்ளென்று இழுத்தது. அதனால் பேச்சுக் கொடுக்காமல் கையெழுத்தைப் போட்டு உறையை வாங்கிக்கொண்டாள். வெளியே அனல்காற்று மைதானத்து மண்ணை அள்ளி வராந்தாவில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயா கூட்டக் கூட்ட வந்து படிந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிற தபாலை உறையைப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவாள். புத்தகக் கம்பெனியின் விலைப்பட்டியல் பளபளவென்று இருக்கும். கல்வி அலுவலகத்தின் கடிதம் பசை காயாமல் ஒட்டியும் ஒட்டாமலும் வரும். இது இரண்டிலும் சேரவில்லை. மூலையில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருந்தது.

ஒருமுறை படித்தாள். கிராம்பைத் துப்பிவிட்டு மறுபடியும் படித்தாள். பள்ளியின் கணினி ஆய்வகத்தில் எங்கள் கட்சிக்காரரின் வரைபட மென்பொருள் உரிமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினிகள் இணையத்தில் சேரும்போதெல்லாம் அது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. பள்ளியின் தலைவர் என்ற முறையில் தாங்களும் நிர்வாகமும் இதற்குப் பொறுப்பு. மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வழக்கு. இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் சட்டப் பிரிவுகள்.

பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். பழைய தலைமையாசிரியை வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் இந்த வருஷம்தான் அந்த நாற்காலிக்கு வந்தாள். நாற்காலி கிடைத்த அன்றே பிள்ளைகள் 'பெரிய டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வரைபட மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடைசி வருஷப் பெண்களுக்குக் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுப்பவர். சட்டைப்பையில் இன்னமும் மூன்று வகைப் பென்சில் வைத்திருப்பார்.

"மாஸ்டர், நீங்க பாடம் நடத்துற ப்ரோக்ராம் இருக்கே, அதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"லைசென்ஸா? என் ஸ்கூட்டருக்கே போன வருஷம்தான் டீச்சர் எடுத்தேன்."

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடுறேன்? கம்ப்யூட்டர் வந்துச்சு. வயரு வந்து போட்டுக் குடுத்தாரு. திறந்தா ஓடுது, நடத்துறேன். சுவிட்சைப் போட்டா லைட் எரியுது. கரண்ட் எங்கேருந்து வருதுன்னா கேட்டுட்டு நிக்கிறோம்?"

"இப்ப கேக்குறாங்க மாஸ்டர்" என்று காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாஸ்டர் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு உலர்ந்துபோனது. "அடுத்த மாசம் பொண்ணுங்களுக்கு செய்முறைத் தேர்வு. இந்த நேரத்துல மெஷினை எடுத்துட்டுப் போயிட்டா எதுல வரைவாங்க?" என்றார்.

வயரு என்பது பெரிய டீச்சரின் கொழுந்தன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒல்லிப்பிச்சான். எந்தச் சட்டை போட்டாலும் பையிலிருந்து ஒரு வயர் எட்டிப் பார்க்கும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பள்ளியில் ஆய்வகம் வைத்தபோது, "எங்க வீட்டுலயே ஆள் இருக்கான், ஒழுங்கா செஞ்சு குடுப்பான்" என்று பழைய தலைமையாசிரியையிடம் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவளே இவள்தான்.

தாளாளர் அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. கோபப்படாத மனிதர். அவரிடம் பயப்பட வேண்டியதே அதற்குத்தான்.

"உக்காருங்க டீச்சர். பல் எப்படி இருக்கு? கன்னம் வீங்கியிருக்கே."

"இருக்கு சார்."

"நோட்டீஸ் எனக்கும் வந்திருக்கு. ஒண்ணும் பதற வேண்டாம்." மேசைமேல் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நகர்த்தினார். "நம்மள நம்ப வச்சு ஏமாத்திட்டான்னு ஒரு புகார். போலீசுக்கு ஒண்ணு, அந்த வக்கீலுக்கு ஒண்ணு. தலைமையாசிரியர் கையெழுத்து போதும்."

"யாரு சார் ஏமாத்தினது?"

"போட்டவர்தான். பேரை நான் என் வாயால சொல்லணுமா? உங்களுக்குச் சங்கடமாத்தான் இருக்கும். அதுக்காக ஸ்கூல் பேரு கெடலாமா?"

பெரிய டீச்சர் காகிதத்தைத் தொடவில்லை. "நாம ஏமாந்தோமா சார்? அத்தனை கம்ப்யூட்டர் வாங்கினோம். ப்ரோக்ராமுக்குன்னு தனியா ஒரு காசு குடுக்கலை. குடுக்காத காசுக்கு எப்படி சாமான் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும்தான் கேக்கலை."

"நீங்க அப்ப கணக்கு டீச்சர். உங்களுக்கு என்ன?"

"ஆளைக் கூட்டிட்டு வந்தது நான்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அவர், ரொம்ப அன்பாக. "நீங்களே கையெழுத்துப் போட்டா உங்க மேல ஒரு தூசு விழாது. வேற யாராவது போட்டா, அண்ணியும் கொழுந்தனும் கூட்டுன்னு நாலு பேரு பேசுவாங்க. ஒரு நாள் யோசிங்க." காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது சின்னவள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என்பது வயரின் மனைவி, பெரிய டீச்சருக்கு ஓரகத்தி. அவள் மடியில் கைக்குழந்தை ஒரு கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சரின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கை முழுக்கக் கிரீஸோடு வந்து பின்வாசலில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வயரு கடையை அடைத்துவிட்டு வந்து, வழக்கம்போல நின்றுகொண்டே சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

"உக்காந்து தின்னுடா. ஒரு விஷயம் பேசணும்" என்றாள்.

நோட்டீஸையும் தாளாளர் நீட்டிய புகாரையும் சொன்னாள். முடித்ததும் வயரு தட்டைத் தரையில் வைத்தான்.

"அண்ணி, ஊரு பூரா இப்படித்தான் ஓடுது. லைசென்ஸ் வாங்கித்தான் போடுவேன்னு நின்னிருந்தா என்னை வாசலோட அனுப்பிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பாங்க. தாளாளர்கிட்ட நான் சொன்னேன், சார் இது தனியா வாங்கணும்னு. 'பசங்க படிக்கத்தானேப்பா, போட்டுக் குடு'ன்னாரு. நான் என்ன பண்ண?"

"போடமாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"எளிதாச் சொல்றீங்க."

"எளிதுன்னு நான் சொல்லலை. சொல்லியிருக்கணும்னு சொல்றேன்."

சின்னவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். "அக்கா, நேராக் கேக்குறேன். அந்தப் புகார்ல நீங்க கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"இன்னும் போடலை."

"இன்னும் போடலைன்னா? போட்டா இவர் ஜெயிலுக்குப் போவாரு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நான் எந்த வாசல்ல போயி நிக்க? இந்த வீட்டுல உங்க நாற்காலிதான் பெருசாப் போச்சா?"

"ஏம்மா, அவ இன்னும் முழுசாச் சொல்லவே இல்லையே" என்றார் டிப்போக்காரர், துண்டால் கையைத் துடைத்தபடி.

"நீங்க சும்மா இருங்க மாமா. உங்களுக்கு ரெண்டு பக்கமும் தலையாட்டத்தான் தெரியும்."

அவருக்கு அது உண்மையென்று பட்டது போலும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வயரு குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, லேபு சாவிய மட்டும் குடுங்க. எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டு வந்துடுறேன். அப்புறம் எவன் வந்து பாத்தாலும் ஒண்ணும் இருக்காது."

"அதைத் தொட்டே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் பெரிய டீச்சர். பல்வலியில் வார்த்தை குழறியது. ஆனாலும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்குச் சின்னவள் சாப்பிடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாளே மாடியில் தனி அடுப்பு ஏறியது.

காலையில் பள்ளி வாசல் கதவு திறந்திருந்தது. ஆயா வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. பெரிய டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஆய்வகத்துக்கு நடந்தாள். ஜன்னல் வழியே திரையின் நீல வெளிச்சம் தெரிந்தது. உள்ளே வயரு ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னொரு மெஷின் புத்தம்புதிதாக, ஒன்றுமே இல்லாத திரையோடு முழித்துக்கொண்டிருந்தது.

"சாவி யாரு குடுத்தா?"

அவன் எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை. "தாளாளர் ஆள் அனுப்பினாரு அண்ணி. இதை முடிச்சுக் குடுத்துட்டா புகாரே இல்லைன்னு சொல்லியிருக்காரு."

"எழுதிக் குடுத்திருக்காரா?"

"வாயால சொன்னாரு."

"அன்னைக்கும் 'போட்டுக் குடு'ன்னு வாயாலதானே சொன்னாரு?"

பெரிய டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். பாடத்தில் தவறு செய்த பிள்ளையை அடிக்காமல் உட்கார வைத்துக் கேட்பாளே, அந்தத் தோரணை.

"நல்லா யோசிச்சுப் பாரு. கம்பெனிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். இந்த மெஷினெல்லாம் தானே போயி அவங்ககிட்டச் சொல்லியிருக்கு. இப்ப நீ அழிச்சா, இருந்ததை அழிச்சது யாருன்னு ஒரு கேள்வி புதுசா வரும். அழிச்ச கை யார் கை? தாளாளர் கையா?"

வயரு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டது தப்பு. அதுக்காவது ஊரே பண்ணுச்சுன்னு ஒரு சாக்கு இருக்கு. இதை அழிச்சா உனக்கு ஒரு சாக்கும் மிஞ்சாதுடா. உன் பொண்டாட்டி என்னோட பேசாம இருக்கா, இருக்கட்டும். அவ முகத்துல நான் முழிக்கணும்ல?"

"ரெண்டை அழிச்சிட்டேன் அண்ணி" என்றான் வயரு.

"அதையும் சொல்லிடலாம்."

"யாருகிட்ட?"

"கேக்குறவங்ககிட்ட."

மெஷின்களை அணைக்கச் சொன்னாள். ஜன்னல்களைத் தாழிட்டாள். கடைத்தெருவில் அப்போதுதான் கதவைத் தூக்கிய இரும்புக்கடையில் புதிதாக ஒரு பூட்டு வாங்கி வரச் சொல்லி அவனையே அனுப்பினாள். வாங்கி வந்ததும் அவள் கையாலேயே பூட்டி, சாவிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தாளாளர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, "கம்பெனிக்காரங்க வந்து பாக்குறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன்னு சொல்லு" என்றாள். புகார்க் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் அதே ஆளிடம் கொடுத்தனுப்பினாள்.

நோட்டீஸ் அனுப்பிய வக்கீலின் அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். பஸ்ஸில் டிப்போக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். இறங்கியதும், "நான் கீழேயே நிக்கிறேன். ரெண்டு பேரும் என் ஆளுங்க, யாருக்குன்னு நான் கை தட்டுறது?" என்றார்.

"யாருக்கும் தட்ட வேண்டாம். டீ வாங்கிக் குடிச்சிட்டு இருங்க" என்றாள்.

வக்கீல் இளவயதுப் பெண். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மேசையெல்லாம் கட்டுக் கட்டாகக் கோப்புகள்.

"உங்க வக்கீல் எங்க மேடம்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"ஸ்கூல் வக்கீல் தாளாளருக்கு. எனக்குன்னு யாரும் இல்ல. நோட்டீஸ் என் பதவிக்கு வந்திருக்கு, அதனால நான் வந்திருக்கேன்."

"நீங்க இங்க சொல்றது உங்களுக்கே எதிராப் போகலாம். அது தெரியுமில்ல?"

"தெரியும்மா."

சொன்னாள். ஆய்வகம் வந்தது, கொழுந்தனைக் கூட்டி வந்தது, மென்பொருளுக்குக் காசு கொடுக்காதது, யாரும் கேட்காதது. "நான்தாங்க போட்டேன். லைசென்ஸ் இல்லாததுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்" என்று வயரு நடுவில் சொன்னான். சொல்லும்போது எழுந்து நின்றான். வக்கீல் உட்காரச் சொன்ன பிறகும் அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"இன்னொண்ணு. நோட்டீஸ் வந்த பிறகு ரெண்டு மெஷின்ல இருந்ததை அழிச்சிருக்கு. இவர்தான் அழிச்சாரு. யார் சொல்லி அழிச்சாருங்கறதையும் எழுதித் தரேன். மத்ததெல்லாம் அப்படியே பூட்டி வச்சிருக்கேன்" என்றாள் பெரிய டீச்சர்.

வக்கீல் பேனாவை மூடினாள். "மேடம், இந்த மாதிரி நோட்டீசுக்கு எனக்கு ரெண்டு விதமாத்தான் பதில் வரும். எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லைம்பாங்க. இல்லாட்டி, வேலைக்கார ஆள் ஒருத்தரைக் காட்டி, அவர் எங்களுக்குத் தெரியாமப் போட்டுட்டாரும்பாங்க."

"ரெண்டாவது பதில்தான் எங்க ஸ்கூல்லயும் தயாரா இருந்துச்சு."

"அது நிக்காது. போட்டவருக்குப் பொறுப்பு இருக்கு. அதை வச்சுப் பாடம் நடத்தின ஸ்கூலுக்கும் இருக்கு. வாங்காம விட்ட நிர்வாகத்துக்குத்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி. ஒருத்தர் தலையில கட்டிட்டு மத்தவங்க எழுந்து போயிட முடியாது."

பிறகு அவள் வேறொரு தோரணைக்கு மாறினாள். அத்தனை கம்ப்யூட்டருக்கும் முழு உரிமம் வாங்கிவிட்டால் பழையதை மறந்துவிடலாம் என்றாள். ஒரு விலையைச் சொன்னாள். பெரிய டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பல்வலியா விலையா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

"அதை எங்களால வாங்க முடியாதும்மா. இதுவரைக்கும் ஓட்டினதுக்கு நிர்வாகம் குடுக்க வேண்டியதைக் குடுக்கட்டும். அதுக்கு நான் தடை சொல்லலை. இனிமே உங்க ப்ரோக்ராமே எங்களுக்கு வேண்டாம். காசில்லாம, முறையாவே கிடைக்கிற வரைபடப் ப்ரோக்ராம் இருக்குன்னு இவன் சொல்றான். அதுல நடத்திக்கிறோம்."

"தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? பிள்ளைங்களுக்குப் பழக்கமாயிருக்கே மேடம். சிரமப்படுவாங்க."

"சிரமப்படட்டும். திருடினதுல ஈஸியாப் படிச்சதுக்கு, இதுல கஷ்டப்பட்டுப் படிக்கட்டும்."

வக்கீல் கோப்பை மூடி வைத்தாள். பிறகு, "முதல்ல பல்லை டாக்டர்கிட்டக் காட்டுங்க மேடம். நாளைக்கே போங்க" என்றாள்.

அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் பெரிய டீச்சருக்கே வரிசையாகச் சொல்ல வராது. பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். கம்பெனி ஆள் வந்து ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். தாளாளரின் சொந்த வக்கீலே, தள்ளிவிடப் பார்த்தால் இன்னும் மோசமாகும் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பணம் கட்ட நிர்வாகம் ஒத்துக்கொண்டது. இனி எங்கேயும் உரிமமில்லாத எதையும் போடுவதில்லை என்று கம்பெனிக்காரர்கள் வயரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரவில்லை. தேர்வுத் துறைக்குப் போன் போட்டதில், எங்களுக்கு வரைபடம்தான் முக்கியம், எதில் வரைந்தாலும் சரி என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி ஆள் முன்னால் பழையதை எல்லாம் எடுத்துவிட்டு, வயரு புதிதாகப் போட ஆரம்பித்த அன்று மழை பிடித்துக்கொண்டது. அனலடித்த ஓட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பெண்கள் பிளாஸ்டிக் விரிப்புகளைக் கொண்டுவந்து மெஷின்களை மூடினார்கள். ஒரு பக்கம் வாளியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழ, மறுபக்கம் வயரு ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, ஏற்றி, ஓட விட்டுப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தான். கூலி கேட்கவில்லை. பெரிய டீச்சரும் தருகிறேன் என்று சொல்லவில்லை. நடுவில் டீ வந்தது. மதியத்துக்கு அவித்த முட்டையும் ரொட்டியும்.

வரைபட மாஸ்டர்தான் பெரிய பாடாக இருந்தார். "கோடு போடுற பட்டனைக் காணோம். சொந்த வீட்டுக்குள்ள திருடன் மாதிரி தடவிக்கிட்டு இருக்கேன் டீச்சர். என்னால ஆகாது" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அப்ப பொண்ணுங்க பக்கத்துல போயி உக்காருங்க."

"நானா? அதுங்ககிட்டயா?"

"அதுங்களும் இன்னைக்குத்தான் பாக்குதுங்க. சேர்ந்து தடவுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். சுவரின் கனம் எவ்வளவு, ஜன்னல் எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பட்டன் எங்கே என்பதைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். வாரக் கடைசியில் மாஸ்டர் தன் வீட்டையே வரைந்து, சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு மதியத்தில்தான் ஆர்டர் வந்தது. நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் வெளியாரிடம் வாக்குமூலம் கொடுத்ததால், தலைமையாசிரியை பொறுப்பிலிருந்து விடுவித்துப் பழைய கணக்கு ஆசிரியை வேலைக்கே திருப்புகிறார்கள். தாளாளர் தன் கையாலேயே கொடுத்தார். "எனக்கு உங்க மேல மரியாதைதான் டீச்சர். ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கே" என்றார்.

"நீங்கதானே சார் நிர்வாகம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆய்வகச் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "தேர்வு முடியறவரைக்கும் லேபைப் பூட்டாம பாத்துக்குங்க. பொண்ணுங்க சாயங்காலமும் உக்காந்து பழகுதுங்க" என்றாள். வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். மணி அடித்தது. அடுத்த வகுப்பில் பின்னங்கள். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். வயரு சொல்லியிருக்க வேண்டும். குழந்தையைக் கீழே விட்டு, கூடையிலிருந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பாதி உரித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எங்களுக்காகப் போச்சா அக்கா?"

"உங்களுக்காக இல்ல. கையெழுத்து என்னோடது. என் கையெழுத்துக்காகப் போச்சு."

"நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"உன் புருஷனுக்காகப் பேசினே. பேசாம இருந்திருந்தாத்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்." பெரிய டீச்சர் அரிசித் தண்ணீரை ஊற்றினாள். "ஆனா தனியா அடுப்பு வச்சே பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை. உங்க மாமாவுக்கு என் சமையல் மட்டும்னா இறங்க மாட்டேங்குது."

வெங்காயத்தினாலோ என்னவோ, சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் ஒரு கூடை ப்ரோக்ராமை ஓசியில் போட்டுக் கொடுப்பார்கள். வயரு போடுவதில்லை என்று தெரிந்ததும் ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, அவனுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. நெளிவான், தலையைச் சொறிவான், நாளைக்கு வாங்க என்பான். ஒரு நாள் இவன் இடறிவிடுவான் என்று சின்னவளுக்குப் பட்டது. குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அதன்பிறகு நெளிகிற வேலை அவனுக்கு இல்லாமல் போனது. சுத்தமான ரிப்பேர் வேலைக்கு மெல்ல ஆட்கள் வந்தார்கள். பழைய அளவுக்கு இல்லை. ஆனால் வந்தார்கள்.

செய்முறைத் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாராம். மாஸ்டர் தேர்வுத் துறைக் கடிதத்தை எடுத்து நீட்டினாராம். இரண்டு பெண்கள் தடுமாறினார்கள். மற்றவர்கள் வரைந்து முடித்தார்கள். பெரிய டீச்சருக்கு அன்று ஆய்வகத்துக்குள் போக வேலை இல்லை. பக்கத்து வகுப்பில் ஒரே கணக்கை மூன்று தடவை தப்பாகப் போட்டு, பிள்ளைகள் சிரித்த பிறகுதான் திருத்தினாள்.

விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தாள். வயரின் கடையில் யாரோ ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். கண்ணியமான தோற்றம், தோளில் பை, விரல்களில் சாக்பீஸ் தூள். வாத்தியார்தான் என்று தூரத்திலேயே தெரிந்தது.

"எங்க ஸ்கூல்ல புதுசா லேபு வைக்கிறோம் தம்பி. எல்லாத்தையும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க. வரைபடம், கணக்கு, எல்லாம். பசங்க படிக்கத்தானே."

வயரு தலையைச் சொறிந்தான். நல்ல பெரிய வேலை. கடையில் இத்தனை மாதமாக வராத வேலை.

கல்லாவிலிருந்து சின்னவளின் குரல் கணீரென்று வந்தது. "போட முடியாதுங்க."

"என்னம்மா இப்படிச் சட்டுனு சொல்றீங்க? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"பாத்தாங்க சார். பாத்து, நோட்டீஸ் விட்டாங்க. நாளைக்கு உங்க ஸ்கூலுக்கு வந்தா நீங்க எங்களைக் கை காட்டுவீங்க, உங்க நிர்வாகம் உங்களைக் கை காட்டும். நடுவுல போயி நின்னு உள்ளதைச் சொல்ல எங்க அக்கா ஒருத்திதான் இருக்காங்க. அவங்களுக்கு இப்ப விடைத்தாள் திருத்தவே நேரமில்லை."

வாத்தியார் திகைத்துப்போய்த் திரும்பினார். படிக்கட்டில் விடைத்தாள் கட்டோடு பெரிய டீச்சர் நின்றிருந்தாள்.

"அப்ப வேற வழியே இல்லையா?" என்றார் அவர், இருவரில் யாரைக் கேட்பது என்று தெரியாமல்.

பெரிய டீச்சர் உள்ளே வந்தாள். கட்டைக் கல்லாவின்மேல் வைத்துவிட்டு, அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இருக்கு சார். உக்காருங்க. வயரு, மெஷினைப் போட்டு அந்தக் காசில்லாத ப்ரோக்ராமைக் காட்டுடா. முதல் ரெண்டு வாரம் உங்க மாஸ்டருங்க திட்டுவாங்க. அதைத் தாங்குறதுக்குத் தயாரா இருக்கீங்களான்னு மட்டும் முதல்ல சொல்லுங்க."